பதில்: சீனப் பூச்சாடி மிங் காலத்ததா, பாலிஷ் போடலாமா?

வணக்கம் சார். உங்கள் குளோய்சொனே சாடியின் (உலோகத்தின் மேல் கம்பிக் கட்டங்களில் வண்ணக் கண்ணாடி பதித்த வகை) அடியில் ஆங்கிலத்தில் ‘சைனா’ என்று குத்தியிருக்கிறது என்கிறீர்கள். அப்புறம் எப்படி அது மிங் வம்ச காலத்ததாகும் (1368–1644)? அமெரிக்காவின் 1890 சுங்கச் சட்டத்துக்குப் பிறகுதான் ஏற்றுமதிச் சரக்கில் இப்படி நாட்டுப் பெயர் போடுவது பரவலானது. மிங் வம்சத்து ஜிங்தாய் பேரரசர் ஆண்டது 1449 முதல் 1457 வரை. அவர் பெயர் முத்திரையைப் பின்னால் வந்தவர்களும் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள், அதை வைத்து விலை பேசாதீர்கள்.

நீலப் பூச்சில் தெரியும் ஊசித்துளைகள் சேதமல்ல. செம்புக் கம்பிக் கட்டங்களில் கண்ணாடிப் பொடியைக் குழைத்து நிரப்பி, பலமுறை சுடுவார்கள். உள்ளே சிக்கிய குமிழிகள் தேய்த்து மெருகேற்றும்போது வாய் திறந்துவிடும்.

கம்பிமேல் மின்னுவது பெரும்பாலும் மெல்லிய தங்கப் பூச்சு. பித்தளை பாலிஷ் பக்கமே போகாதீர்கள், தங்கம் போனால் போனதுதான்! லேசான ஈரத்துணியால் ஒற்றி, உடனே உலரத் துடைத்தால் போதும்.