வில்லும் கிக்கும்: நீங்கள் கேட்டவை, நான் சொன்னவை

போன மாதம் மண்டபம் ஊரில் நடந்த ஒரு கல்யாண வரவேற்பில், இரண்டு வயலின், அதைவிடப் பெரிய, கனத்த குரலுள்ள வில் வாத்தியங்களான ஒரு வியோலா, ஒரு செல்லோ வாசித்த மேற்கத்திய சாஸ்திரிய இசையை நடன பீட்டில் போட்டேன். தாத்தா பாட்டியெல்லாம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். அன்றிலிருந்து பாம்பன் தொடங்கி தொண்டி வரைக்கும் ஆட்கள் கேள்வி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன். தெரியாதவர்களுக்காக: தங்கச்சிமடத்தில் சர்ச் பாடகர் குழுவில் வயலின் வாசித்து வளர்ந்தவன் நான். சவுண்ட் சர்வீஸ்தான் தொழில். வயலினையும் செல்லோவையும் நடன இசையாக ரீமிக்ஸ் செய்வதில் பதினைந்து வருடமாக மனசைக் கொடுத்திருக்கிறேன்.

கீழக்கரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அண்ணே, இதையெல்லாம் யார் ஆரம்பித்தது? நான் எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

1976-ல் வால்டர் மர்ஃபி என்ற அமெரிக்கர், பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனியை டிஸ்கோ பீட்டில் போட்டார். அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கே போனது. 1995-ல் சிங்கப்பூரில் பிறந்த வனெஸ்ஸா மே வந்தார், அப்போது அவருக்குப் பதினாறு வயது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் பெயரில் வழங்கும் ஓர் ஆர்கன் இசையை மின் வயலினில் எடுத்து, டெக்னோ தாளத்தோடு வாசித்தார். 2000-ல் பாண்ட் என்ற நான்கு பெண்கள் குழு வந்தது. அவர்களுடைய முதல் ஆல்பத்தை, பாப் மாதிரி இருக்கிறது என்று சொல்லி பிரிட்டனின் சாஸ்திரிய இசைப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். 2003-ல் அந்தக் குழு தன் பாட்டுகளின் ரீமிக்ஸ்களை மட்டும் சேர்த்து ஒரு ஆல்பம் போட்டது.

ஆனால் தங்கச்சி, நீங்கள் அங்கே தொடங்க வேண்டாம். அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் எழுதிய 'அடாஜியோ ஃபார் ஸ்ட்ரிங்ஸ்' ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1936-ல் நான்கு வாத்தியங்களுக்காக எழுதிய இசையின் மெதுவான பகுதி அது. 1938-ல் இசைக்குழு நடத்துநர் டோஸ்கானினி அதைப் பெரிய இசைக்குழுவை வைத்து வானொலியில் வாசிக்க வைத்தார். அப்புறம் வில்லியம் ஆர்பிட் அதை மின்னணு இசையாக்கினார், அதை ஃபெர்ரி கார்ஸ்டன் ரீமிக்ஸ் செய்தார். அதன் பின் டியெஸ்டோ என்ற டிஜே தன் பாணியில் செய்தது 2005-ல் தனியாக வெளியானது. இதே வரிசையில், ஒரே ராத்திரியில், ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள். கார்ஸ்டன் செய்ததில் கிக் (நடன பீட்டில் 'தும் தும்' என்று விழும் அடி) நின்று மெட்டு மட்டும் மேலே ஏறும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். அந்த இடத்துக்காகத்தான் அந்த ரீமிக்ஸே இருக்கிறது என்று எனக்குப் படும்.

நம் பக்கத்தில் நடன பீட் போடாமலே இந்த வேலையைச் செய்தவர் இளையராஜா. 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாகச் செய்தது. வயலின் வி.எஸ்.நரசிம்மன். அதையும் கேட்டுவிடுங்கள்.

பாம்பனிலிருந்து ஒரு தம்பி: வயலின் சுரத்தை கிக் மேல் அச்சாக வைக்கிறேன் அண்ணே. திரையில் கோட்டுக்குக் கோடு சரியாக இருக்கிறது. கேட்டால் பின்னால் இழுக்கிறது. ஏன்?

வந்த கேள்விகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

மிருதங்கத்தில் விரல் பட்ட நொடியே சத்தம் முழுசாக இருக்கும். கிக்கும் அப்படித்தான். வில் அப்படி இல்லை. முடி கம்பியைப் பிடித்து, இழுத்து, கம்பி நிலையாக அதிரத் தொடங்குவதற்கு நேரம் எடுக்கும். அழுத்தி வாசித்தால் 30, 40 மில்லி செகண்ட். மெதுவான மெட்டில் 100-கூட ஆகும். திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். மீன் வால் பக்கம் மெலிந்து, வயிற்றுப் பக்கம் பருத்துக்கொண்டு போவது போல அந்த அலை இருக்கும். நீங்கள் வால் நுனியை கிக் மேல் வைத்திருக்கிறீர்கள். காதோ வயிற்றைத்தான் சுரம் என்று எடுத்துக்கொள்கிறது.

அதனால் கோட்டை மறந்துவிடுங்கள். வயலின் தடத்தை முழுவதுமாக, கிக்குக்கு 20 மில்லி செகண்ட் முன்பே தொடங்கும்படி தள்ளிக் கேளுங்கள். அப்புறம் 30, அப்புறம் 40. கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். ஒரு இடத்தில் இரண்டும் கைகோத்துக்கொள்ளும், அது உடம்புக்கே தெரியும். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வெட்டி நகர்த்தாதீர்கள். வெட்டினால் ஒரு வில்வீச்சிலிருந்து அடுத்த வில்வீச்சுக்குப் போகும் அந்தச் சின்ன உரசல் போய்விடும். அது போனால் கீபோர்டில் வாசித்த மாதிரிதான் இருக்கும்.

வேகத்தையும் கேட்டிருந்தீர்கள். மெதுவான மெட்டை இழுத்தோ சுருக்கியோ நிமிடத்துக்கு 124 அடி என்ற வேகத்துக்குக் கொண்டுவர வேண்டாம். 62-ல் இருக்கும் மெட்டை அப்படியே விட்டு, அடியில் 124-ல் கிக் போடுங்கள். மெட்டின் ஒரு அடிக்கு கிக் இரண்டு அடி, அவ்வளவுதான். பத்து சதவீதத்துக்கு மேல் நீட்டினால் வில் சத்தம் தண்ணீருக்குள் கேட்பது போல ஆகிவிடும்.

மண்டபம் ஊரில் ரேடியோ செட் வைத்திருக்கும் ஒரு அண்ணன்: என் பெட்டியில் போட்டால் பீட் மட்டும் இடிக்கிறது, வயலினைக் காணோம். லேப்டாப்பில் நன்றாகக் கேட்கிறதே?

அண்ணே, இதே அடி எனக்கும் விழுந்திருக்கிறது. சில வருடத்துக்கு முன்னால் தேவிபட்டினம் பக்கம் ஒரு வரவேற்பு. மூன்று வாரம் உட்கார்ந்து செய்த ரீமிக்ஸ். மெட்டு வரவேண்டிய இடத்தில் வெறும் கிக்கும், அடிச்சத்தமான பேஸும் மட்டும் வந்தன. மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை.

காரணம் இதுதான். ஹெட்ஃபோனில் வயலின் அகலமாகக் கேட்க வேண்டும் என்று, ஒரு பக்கத்து அலையை மற்றதற்கு எதிராகத் திருப்பி விடும் ஒரு கருவியைப் போட்டிருந்தேன். இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனியாகப் போகும் வரைக்கும் அழகுதான். நம் ஊர் செட்டில் இடது வலது இரண்டையும் சேர்த்து ஒரே வயரில்தானே எல்லாப் பெட்டிக்கும் அனுப்புகிறோம்? ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போனால், சேர்ந்த இடத்தில் இரண்டும் காணாமல் போய்விடும். கிக் நடுவில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது.

இப்போது எந்தக் கோப்பையும் முடிக்கும் முன், இடது வலதை ஒன்றாகச் சேர்க்கும் மோனோ பொத்தானை அழுத்தி ஒருமுறை முழுசாகக் கேட்டுவிடுகிறேன். நீங்களும் பாட்டு கொண்டுவரும் பையன்களிடம் அதைக் கேளுங்கள். கூம்பு ஸ்பீக்கராக இருந்தால் கதை தலைகீழ். அதில் அடிச்சத்தம் வராது, வயலின் மட்டும் கிழிக்கும். அதில் இந்த இசையைப் போடவே போடாதீர்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னொன்றும் உண்டு. கடற்கரைத் திடலில் வயலினின் மேல் சத்தத்தைக் காற்று அலைக்கழித்துவிடும், பேஸ் மட்டும் நிலையாக நிற்கும். பெட்டியை உயர்த்தி, கூட்டத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். பின்னால் இருப்பவர்களுக்காக வால்யூம் ஏற்றுவதைவிட நடுவில் இன்னொரு ஜோடி பெட்டி வைப்பது நல்லது. ராத்திரி பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

சாயல்குடியிலிருந்து, கர்நாடக வயலின் படிக்கும் ஒரு பெண்: நான் வாசிப்பதற்கு அடியில் பீட் போட்டால் ஒட்டவே இல்லை. நம் சங்கீதத்துக்கு இது சரிப்படாதா?

சரிப்படும் அம்மா. ஆனால் வெளிநாட்டு வீடியோவில் சொல்லித் தரும் அளவுகளை அப்படியே எடுக்கக் கூடாது. அவர்கள் வயலினின் கடைசிக் கம்பி 196 ஹெர்ட்ஸ். அதனால் 150-க்குக் கீழே இருக்கும் சத்தத்தை வெட்டிவிடு என்பார்கள். நீங்கள் ஆண் குரலுக்கு ஒரு கட்டையில் சுருதி சேர்த்தால் கீழ்க் கம்பி மந்தர ஸட்ஜம், 130 ஹெர்ட்ஸ் பக்கம். 150-ல் வெட்டினால் அந்த ஸட்ஜத்தையே தேய்த்துவிடுவீர்கள். 100-க்குக் கீழே மட்டும் வெட்டுங்கள். கிக் அதற்கும் கீழே 50, 60-ல் இருக்கட்டும்.

பேஸில் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, மாற்றிக்கொண்டே போகாதீர்கள். தோடியில் காந்தாரம் அசைந்து அசைந்து வரும்போது அடியில் கார்டு மாறினால் இரண்டும் சண்டை போடும். ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பேஸில் ஓடட்டும், தம்புரா வேலையை பேஸ் செய்யட்டும். சுருதி திருத்தும் மென்பொருளை வயலின் தடத்தில் தொடவே கூடாது. கமகத்தை அது பிழை என்று நினைத்துப் படிக்கட்டாக வெட்டிவிடும்.

ஆதி தாளம் நாலுக்கு நாலு கிக்கில் சுலபமாக உட்காரும். ஏழு அடி கொண்ட மிஸ்ர சாபுதான் தகராறு. ஏழும் நாலும் 28-ல்தான் சந்திக்கும். நான்கு ஆவர்த்தனம் காத்திருந்தால் சமம், அதாவது தாளத்தின் முதல் அடி, கிக்கோடு வந்து விழும். அந்தக் காத்திருப்பை ரசிக்கிற கூட்டம் இருந்தால் அப்படியே விடலாம். இல்லையென்றால் கிக்கையே தகிட தகதிமி என்று மூன்றும் நாலுமாக அடிக்க வைத்துவிடுங்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். தாளத்துக்கு கிக் இறங்கி வருவதுதான் முறை.

ராமநாதபுரத்திலிருந்து ஓர் இசை ஆசிரியர்: சாஸ்திரிய இசையை ஆட்டம் போடுவதற்கு இழுப்பது அதற்குச் செய்யும் அவமரியாதை இல்லையா?

ஐயா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. மோசமாகச் செய்த ரீமிக்ஸைக் கேட்டால் எனக்கும் நெஞ்சு வலிக்கும். ஆனால் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். நம் கச்சேரி மேடைக்கு வயலினே வெளியிலிருந்து வந்ததுதான். பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய வயலினைக் கற்று, நம் சங்கீதத்துக்குத் திருப்பினார். அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர், கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நொட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் மெட்டிலேயே ஒரு கீர்த்தனை இருக்கிறது. பிற்காலத்தில் அண்ணன் தம்பி இருவரும் இருந்தது நமக்குப் பக்கத்து எட்டயபுரத்தில். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் காலமானதும் அங்கேதான்.

முத்துசுவாமி தீட்சிதர் பேண்டு மெட்டை எடுத்தபோது அதன் உருவத்தைச் சிதைக்கவில்லை. கமகம் சேர்க்காமல், சங்கராபரணத்தின் நேர்ச் சுரங்களிலேயே நிறுத்தினார். நானும் அந்த வழியைத்தான் பிடித்துக்கொள்ள முயல்கிறேன். பீட் எவ்வளவு வேண்டுமானாலும் மாறட்டும், வில் வாசித்ததில் கை வைப்பதில்லை. ஒருநாள் நேரில் வருகிறேன் ஐயா, நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

ஏர்வாடியிலிருந்து: விவால்டி செத்து முந்நூறு வருடம் ஆகப்போகிறதே. அவர் இசையை யார் வாசித்த ஆல்பத்திலிருந்தும் எடுக்கலாம்தானே?

கூடாது. இத்தாலிய இசையமைப்பாளரான விவால்டி 1741-ல் இறந்தவர், மெட்டு எல்லோருக்கும் சொந்தம். ஆனால் அதை வாசித்துப் பதிவு செய்தவர்களுக்கு அந்தப் பதிவின் மேல் தனி உரிமை உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி பதிவுக்கு வெளியான பின் 60 வருடம், மெட்டுக்கு எழுதியவர் இறந்த பின் 60 வருடம். மேலே சொன்ன பார்பர் 1981-ல்தான் இறந்தார், அதனால் 2041 முடியும் வரை அவர் மெட்டுக்கே அனுமதி வேண்டும்.

எளிய வழி ஒன்று உண்டு: விவால்டியை நாமே வாசித்துப் பதிவு செய்வது. நான் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக் காலத்தில்தான் பதிவு வைத்துக்கொள்கிறேன். விசைப்படகுகள் கரையில் நிற்கும், விடியற்காலை எஞ்சின் சத்தம் இருக்காது. மின்விசிறியை நிறுத்தி, சுவரோரம் மெத்தையைச் சாய்த்து வைத்தால் சின்ன அறையே போதும். மைக்கை வயலினுக்கு மேலே ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

இன்னும் மூன்று பேர்: எந்த மென்பொருள், எவ்வளவு செலவு?

எது கையில் இருக்கிறதோ அதுவே போதும். எஃப்எல் ஸ்டூடியோ, ஏபிள்டன், ரீப்பர் எல்லாவற்றிலும் இந்த வேலை நடக்கும். காசு இருந்தால் முதலில் நல்ல ஹெட்ஃபோன் வாங்குங்கள்.

தங்கச்சிமடம் பாடகர் குழுவிலிருந்து ஓர் அக்கா: தம்பி, பிள்ளையின் வயலின் மாதத்துக்கு ஒரு கம்பி துருப்பிடிக்கிறது. வில் முடியும் தொய்ந்து போகிறது.

உப்புக்காற்று அக்கா. வாசித்து முடித்ததும் கம்பியைக் காய்ந்த பருத்தித் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், வியர்வையும், வில் முடியில் தடவும் ரோசின் தூளும் போக வேண்டும். ஈரக்காற்றில் வில் முடி நீளும், அதனால்தான் தொய்கிறது. அதற்காகத் திருகை இறுக்கி அப்படியே பெட்டியில் வைக்கக் கூடாது. காய்ந்த நாளில் முடி சுருங்கும்போது வில் கட்டையே வளைந்துவிடும். வாசித்ததும் தளர்த்தி வைக்கட்டும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போடுங்கள்.

தொண்டியிலிருந்து ஒரு தம்பி: நான் செய்த ரீமிக்ஸை அனுப்பியிருக்கிறேன் அண்ணே. கேட்டுச் சொல்லுங்கள்.

நான்கு தடவை கேட்டேன் தம்பி. செல்லோவை வைத்துத் தொடங்கியது அருமை. 1 நிமிடம் 12 விநாடியில் கிக் வரும்போது, சைட்செயின் (கிக் விழும்போதெல்லாம் மற்ற சத்தத்தைத் தானாக இறக்கும் கருவி) செல்லோவை முழுசாக அமுக்கிவிடுகிறது. ஒவ்வொரு அடிக்கும் சத்தம் விழுந்து எழுகிறது. 124-ல் ஒரு அடி 484 மில்லி செகண்ட். செல்லோ திரும்பி எழவே நீங்கள் 400 எடுக்கிறீர்கள். அதை 150-க்கு இறக்கி, அமுக்கும் அளவையும் பாதியாக்குங்கள். செல்லோவின் கீழ்க் கம்பி 65 ஹெர்ட்ஸ், அது பேஸோடு மோதுகிறது. அந்த இடத்தில் பேஸை எடுத்துவிட்டு செல்லோவையே பேஸாக விட்டுப் பாருங்கள். 2 நிமிடம் 40-ல் எல்லாம் நின்று ஒரு வயலின் மட்டும் மூச்சு விடுகிறதே, அங்கே எதையும் தொடாதீர்கள். மாற்றி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள், பாம்பனில் ஒரு வரவேற்பு இருக்கிறது, அங்கே பெரிய பெட்டியில் போட்டுப் பார்க்கிறேன்.