ஆறு பேர் ஒரு மேசையில்: சென்னையில் நண்பர்களுடன் சேர்ந்து உண்பது எப்படி?

கேள்வி: நாங்கள் கல்லூரியில் ஒன்றாகப் படித்த 6 பேர். இப்போது அம்பத்தூர், வேளச்சேரி, தாம்பரம் எனச் சென்னையின் வெவ்வேறு மூலைகளில் வசிக்கிறோம். மாதம் ஒருமுறை ஓர் உணவகத்தில் சந்திப்போம். எங்களில் ஒருவர் சைவம். ஒருவர் ஹலால் இறைச்சி மட்டுமே உண்பவர். இன்னொருவருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை உண்டு. சனிக்கிழமை இரவு பெயர்பெற்ற இடங்களுக்குப் போனால் வாசலில் ஒரு மணி நேரம் நிற்க நேர்கிறது. உட்கார்ந்த பிறகு, ஒருவர் கை கழுவும் நேரத்தில் இன்னொருவருக்குத் தட்டு வருகிறது. கடைசியில் பில்லைப் பிரிக்கும்போது மனத்தாங்கல். இந்தச் சந்திப்பைக் கைவிட எங்களுக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உணவகக் கூடங்களை மேற்பார்வையிடும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இதே மனத்தாங்கலோடு எழுந்து போன நண்பர் குழுக்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் நல்ல உணவகத்துக்குத்தான் வந்திருந்தார்கள். வந்த வேளைதான் பொருந்தவில்லை. சென்னையில் ஒவ்வொரு வகைக் கடைக்கும் ஒரு நாளில் ஒன்றிரண்டு மணி நேரமே உச்சம் உண்டு. சமையலறை எதற்காகத் தயாராக நிற்கிறதோ அதை அந்த நேரத்தில் போய் உண்பவருக்குக் கிடைக்கும் சுவை, அதே கடையில் வேறு வேளையில் கிடைப்பதில்லை. ஆகவே கடையின் பெயரை முடிவு செய்வதற்கு முன் வேளையை முடிவு செய்யுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை.

பிரியாணியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான பிரியாணிக் கடைகளில் முதல் அண்டாவின் ‘தம்’மை, அதாவது ஆவி போகாமல் அடைத்த மூடியை, முற்பகல் பதினொன்றரை மணி முதல் பன்னிரண்டு மணிக்குள் உடைப்பார்கள். அப்போது அரிசி தனித்தனியாக நிற்கும். அடியில் உள்ள கறியும் மேலே உள்ள சோறும் ஒரே சூட்டில் இருக்கும். நேரம் ஆக ஆக, மூடியைத் திறந்து திறந்து அள்ளுவதால் ஆவி வெளியேறி மேற்சோறு வறண்டுபோகும். அடியில் எண்ணெய் தங்கும். இரவு ஒன்பது மணிக்கு வரும் குழுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த அடிப்பகுதிதான். ஆம்பூர், திண்டுக்கல் பாணிகளில் பயன்படும் சீரகச் சம்பா அரிசி மணி சிறியது. மசாலாவை நன்றாக உறிஞ்சும் என்றாலும், ஆறிவிட்டால் பாசுமதியைவிட விரைவாக இறுகும். உங்கள் குழு பிரியாணிக்காகக் கூடுவதென்றால் ஞாயிற்றுக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கே மேசையில் அமர்ந்துவிடுங்கள். வாசலில் நிற்கும் தொல்லையும் அன்று இருக்காது. குடும்பங்களின் கூட்டம் ஒரு மணிக்கு மேல்தான் திரளும்.

டிபன் கடைகளின் கணக்கு வேறு. காலை ஏழு முதல் ஒன்பது வரை ஒரு சுற்று, மாலை நான்கு முதல் ஆறரை வரை இன்னொரு சுற்று என அங்கே இட்லித் தட்டுகள் இடைவிடாமல் இறங்கிக்கொண்டிருக்கும். 1948 முதல் இயங்கிவரும் திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி மூழ்கும்படி சாம்பாரை ஊற்றுவார்கள். அந்தச் சாம்பார் இட்லியை மாலை ஐந்து மணிக்கு உண்டுவிட்டு மெரினா வரை நடந்து போகும் சந்திப்பு, குளிரூட்டப்பட்ட கூடத்தில் மூன்று மணி நேரம் அமர்ந்திருக்கும் இரவு உணவைவிட எனக்கு எப்போதும் நிறைவாகவே தோன்றியிருக்கிறது. மயிலாப்பூர் அருண்டேல் தெருவில் உள்ள ராயர் மெஸ் போன்ற சிறிய இடங்களுக்குப் போகும்போது மட்டும் ஆறு பேரும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மும்மூன்று பேராகப் பிரிந்து அமர்ந்து, உண்டதும் எழுந்து அடுத்தவருக்கு இடம் கொடுத்துவிட்டு, பேச்சை வெளியே வைத்துக்கொள்வதே அங்குள்ள மரியாதை.

சௌகார்பேட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். உங்களைப் போன்ற கலவையான குழுவுக்கு இந்நகரத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் அரிது. மின்ட் தெருவிலும் அதன் கிளைத் தெருக்களிலும் குஜராத்தி, மார்வாரிக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அங்குள்ள தின்பண்டக் கடைகள் ஏறத்தாழ அனைத்துமே சைவம். சமண நண்பர் ஒருவர் உடன் வந்தாலும், வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் கேட்டு வாங்க முடியும். உங்கள் சைவ நண்பர் எதையும் விசாரிக்காமல் உண்ணலாம். ஹலால் நண்பருக்கு இறைச்சி பற்றிய கேள்வியே எழாது. ரொட்டிக்குப் பதிலாக முறுக்கை வைத்து, நடுவே காய்களையும் சட்னியையும் அடுக்கித் தரும் முறுக்கு சாண்ட்விச், சூடான ஜிலேபி, கெட்டியான பாதாம் பால் என ஒவ்வொரு கடையிலும் இரண்டு தட்டு வாங்கி ஆறு பேரும் பகிர்ந்துகொண்டே நடந்தால், வயிறும் நிறையும், யாருடைய செலவும் அதிகமாகாது. மாலை ஐந்தரைக்கு மேல் போங்கள்; சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தில் சந்தித்து அங்கிருந்து ஆட்டோவில் செல்வது எளிது. சொந்த வண்டியை அந்தத் தெருக்களுக்குள் கொண்டுபோக வேண்டாம். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள நண்பருக்கு மட்டும் இங்கே கூடுதல் கவனம் தேவை. அதைப் பின்னர் சொல்கிறேன்.

அங்கிருந்து சிறிது தொலைவில், கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் அத்தோ கடைகள் மாலையில் திறக்கும். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்த பின் அங்கிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த உணவு அது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளிக்கரைசல் ஆகியவற்றைக் கையால் பிசைந்து, மேலே பேஜோ என்னும் மொறுமொறுப்பான பொரியலை நொறுக்கிப் போட்டு, பக்கத்தில் வாழைத்தண்டு சூப்பும் தருவார்கள். நூடுல்ஸில் முட்டை கலந்திருக்குமா, சூப் எதில் கொதித்தது என்பதைச் சைவ நண்பருக்காக நீங்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இவ்வாறு பிறர் கேட்டுவிடுவது முக்கியம். சைவர், ஹலால் உண்பவர், ஒவ்வாமை உள்ளவர் ஆகியோர் மேசையில் அமர்ந்த பிறகு, மற்ற ஐவரும் காத்திருக்க, தாமே ஒவ்வொன்றாக விசாரிக்க நேர்வதுதான் அவர்களுக்கு மிகுந்த கூச்சத்தைத் தருகிறது. பல முறை அவர்கள் கேட்காமலேயே தயிர் சாதத்தோடு எழுந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். எனவே அந்த மாதச் சந்திப்பை ஏற்பாடு செய்பவரே மதியம் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் உணவகத்தைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். சமையலறை ஓய்வாக இருக்கும் அந்த நேரத்தில்தான் மேலாளரோ சமையல் மாஸ்டரோ நின்று பதில் சொல்வார்கள். இறைச்சி ஹலால்தானா, எங்கிருந்து வருகிறது என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் தவறு எதுவும் இல்லை. ரமலான் மாதமாக இருந்தால், நோன்பு திறந்த பிறகு கூடும்படி நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

சைவ நண்பருக்காக நீங்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. அசைவக் கடைகளில் பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னாவைப் பெரும்பாலும் எலும்பு வேகவைத்த சாற்றில்தான் தயாரிப்பார்கள். துண்டு எதுவும் கண்ணில் படாததால் அதைச் சைவம் என்று நம்பி உண்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். நானே என் சக ஊழியர் ஒருவருக்கு அப்படி ஊற்றச் சொல்லிவிட்டு, உண்மை தெரிந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றிருக்கிறேன். சில கடைகளில் பரோட்டா மாவிலேயே முட்டை சேர்ப்பார்கள். சைவ ஃபிரைட் ரைஸையும் கோழி ஃபிரைட் ரைஸையும் ஒரே வாணலியில் கிளறுவதும் பரவலான வழக்கம்.

வேர்க்கடலை ஒவ்வாமை இதைவிடத் தீவிரமானது. இதில் கூச்சத்துக்கு இடமே இல்லை. தமிழ்நாட்டுச் சமையலில் வேர்க்கடலை கண்ணுக்குத் தெரியாமல் நுழையும் இடங்கள் பல. தேங்காய்ச் சட்னியைக் கெட்டியாக்க அதைச் சேர்ப்பார்கள். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் எண்ணெய்க் கத்தரிக்காயில் எள்ளோடு வேர்க்கடலையும் அரைத்து ஊற்றுவது வழக்கம். பிரியாணியை ஆராய்ந்து பார்க்கும் பலர் இந்தத் தொடுகறியைக் கவனிப்பதில்லை. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் வேர்க்கடலையின் புரதம் தங்கியிருக்கக்கூடும். சாட் வகைகளின் மேலே தூவும் சேவும் கலவைகளும் அந்த எண்ணெயில் பொரிக்கப்பட்டவையாக இருக்கலாம். 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் தம் உணவுப் பட்டியலில் கலோரி அளவையும் ஒவ்வாமை தரும் பொருள்களையும் தெரிவிக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிமுறை கூறுகிறது. ஆகவே அந்த நண்பர் வரும் நாளில் இத்தகைய உணவகத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தகவலைக் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது. மருத்துவர் எழுதித் தந்த அவசர மருந்து எந்தப் பையில் இருக்கிறது என்பது நண்பர்கள் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ அந்த மருந்தை உடனே கொடுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

இனி, தட்டுகள் வெவ்வேறு நேரத்தில் வருவது பற்றி. நீங்கள் சொல்லும் பதார்த்தங்கள் கே.ஓ.டி. எனப்படும் சிட்டையாகச் சமையலறைக்குள் போய், அங்கே பிரிவுபிரிவாகப் பிரிகின்றன. தந்தூர் அடுப்பு ஒருவரிடம், சீன வகை வாணலி இன்னொருவரிடம், தோசைக்கல் வேறொருவரிடம் இருக்கும். ஒவ்வொருவர் முன்னும் வெவ்வேறு நீளத்தில் வரிசை நிற்கும். ஆறு பேரும் ஆறு விதமாகக் கேட்டால், ஆறு தட்டும் ஆறு நேரத்தில்தான் வரும். அதற்குச் சப்ளையரைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. இரண்டு பிரிவுகளுக்குள் அடங்கும்படி நான்கைந்து பதார்த்தங்களை மேசைக்குப் பொதுவாகச் சொல்லி, நடுவில் வைத்துப் பகிர்ந்து உண்ணுங்கள். முதல் சுற்றில் பசிக்குச் சற்றுக் குறைவாகவே சொல்லுங்கள். பல கடைகளில் ஆறு பேருக்கு நான்கு பிரியாணி போதுமானது. குறைந்தால் ஐந்தாவதைக் கேட்டு வாங்கச் சில நிமிடங்கள்தான் ஆகும், மிஞ்சினால் அது வீணாகும் அல்லது பார்சலாகும். முன்பதிவு செய்யும்போது வட்ட மேசை இருக்கிறதா என்று கேளுங்கள். நீள மேசையில் ஆறு பேர் அமர்ந்தால், பத்து நிமிடத்தில் பேச்சு இரண்டாகப் பிரிந்து, நடுவில் இருப்பவர் இரு பக்கமும் திரும்பித் திரும்பிக் களைத்துப்போவார்.

பில்லைப் பிரிப்பதற்கு நான் பரிந்துரைப்பது இரு பங்கு முறை. மேசைக்குப் பொதுவானவற்றை அனைவரும் சமமாகப் பகிர வேண்டும். விலை கூடிய தனி விருப்பங்களை உண்டவர்களே ஏற்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மொத்தம் 3,600 ரூபாய். அதில் இறாலும் மட்டன் சுக்காவும் 1,200 ரூபாய், அவற்றை உண்டவர்கள் மூவர் என்று வைத்துக்கொள்வோம். மீதி 2,400 ரூபாயை ஆறாகப் பிரித்தால் தலைக்கு 400. அந்த மூவரும் கூடுதலாக 400 தருவார்கள். 5 விழுக்காடு வரியைச் சேர்த்தால் அந்த மூவருக்குத் தலா 840 ரூபாய், மற்ற மூவருக்குத் தலா 420 ரூபாய். இந்த முறையைச் சாப்பிட்ட பிறகு சொன்னால் ஒருவரைக் குறைசொல்வது போலாகிவிடும். குழுவின் வாட்ஸ்அப்பில் முதல் நாளே எழுதிவிடுங்கள். மது அருந்துபவர்கள் இருந்தால் அதற்குத் தனிப் பில் கேளுங்கள். மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநில வரிதான் உண்டு என்பதால் அதைத் தனியாகப் பிரிப்பது எளிது.

பில்லில் கவனிக்க வேண்டியவை சில. வழக்கமான உணவகங்களில் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என மொத்தம் 5 விழுக்காடு இருக்கும். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள நட்சத்திர விடுதிகளின் உணவகங்களில் பொதுவாக 18 விழுக்காடு. விற்பனைத் தொகையில் ஒரு சிறு விழுக்காட்டைத் தாமே வரியாகச் செலுத்தும் தொகுப்பு வரித் திட்டத்தில் உள்ள சிறு கடைகள் உங்களிடம் ஜி.எஸ்.டி. வசூலிக்கக் கூடாது, தாம் அத்திட்டத்தில் இருப்பதைத் தம் பில்லிலேயே குறிப்பிட வேண்டும். சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. அப்படி ஒரு கட்டணம் பில்லில் இருந்தால் அமைதியாக நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். ஆனால் உங்கள் மேசையைக் கவனித்த சப்ளையருக்கு நீங்கள் விரும்பித் தரும் தொகை வேறு. அதைக் கல்லாவில் கொடுக்காமல், புறப்படும்போது அவர் கையிலேயே ரொக்கமாகக் கொடுங்கள்; அடுத்த மாதம் அதே வட்ட மேசையை உங்களுக்காக ஒதுக்கி வைக்கப்போகிறவர் அவர்தான்.