தீயணைக்க வந்தவர் எப்போது கிளம்புவார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொற்றுநோய்க் காலத்து அரசு உத்தரவுகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டு எழுதியதைப் படித்தேன். வீடு பற்றி எரியும்போது தண்ணீர் ஊற்ற வருபவரிடம் அனுமதிக் கடிதமா கேட்பீர்கள்? தனிமனித உரிமையெல்லாம் உயிர் பிழைத்தபின் பேச வேண்டியது. தடுப்பூசி கட்டாயம் என்று அரசு சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நானும் அனுமதி கேட்க மாட்டேன். தீ அணைந்த பிறகும் அவர் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

அரசுக்கு அதிகாரம் வேண்டும் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. பெரியம்மை பரவியபோது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற பாதிரியார் அம்மை குத்திக்கொள்ள மறுத்தார். அபராதம் 5 டாலர். அது செல்லும் என்று 1905-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாரும் அவர் கையைப் பிடித்து ஊசி குத்தவில்லை. உடல்நிலை காரணமாக ஊசி கேடு செய்யும் என்றிருப்பவரை வற்புறுத்துவது கொடுமை என்றும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. நியாயமான தீர்ப்பு என்றே இன்றும் நினைக்கிறேன்.

என்னைத் தூங்கவிடாதது அதன் பின்கதை. 1927-இல், ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று வர்ஜீனியா மாநிலம் முத்திரை குத்திய கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாமா என்ற வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. செய்யலாம் என்றார் நீதிபதி ஹோம்ஸ். அதற்கு அவர் கைகாட்டியது ஜேக்கப்சன் வழக்கை. கட்டாயத் தடுப்பூசிக்கு இடம் தரும் கொள்கை, கருக்குழாயை வெட்டுவதற்கும் இடம் தரும் என்று எழுதினார். 5 டாலர் அபராதம் எங்கே, அறுவைக் கத்தி எங்கே! அம்மைக்காக எழுதிய வரி, அம்மையே இல்லாத இடத்தில் ஒரு பெண்ணின் வயிற்றில் இறங்கியது. இத்தனைக்கும் யாரும் சட்டத்தை மீறவில்லை.

யாரைச் சுற்றிக் கோடு போடுகிறார்கள் என்பதும் இருக்கிறது. 1900-இல் சான்பிரான்சிஸ்கோவில் பிளேக் பயத்தில் சீனர் குடியிருப்பைக் கயிறு கட்டி அடைத்தார்கள். வெள்ளையர் கட்டடங்கள் வந்த இடங்களில் அந்தக் கயிறு வளைந்து விலகிப் போனது. (எலிகளுக்கு இதை யார் சொல்வது?) நீதிமன்றம் அதை ரத்து செய்தது, இத்தனை பேரை ஒன்றாக அடைத்தால் நோய் கூடத்தான் செய்யும் என்றும் சொன்னது. உரிமையும் மருத்துவமும் எதிரெதிர்க் கட்சி என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்கலாம்.

1984-இல் இத்தாலியின் சிராகூசா நகரில் கூடிய சட்ட அறிஞர்கள் இதற்கெல்லாம் அளவுகோல் வகுத்தார்கள். தடை சட்டப்படி இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகக்கூடாது, பாரபட்சம் கூடாது, எதிர்த்து முறையிட வழி இருக்க வேண்டும். அது எந்த அரசையும் கட்டிப்போடும் சட்டமல்ல. ஆனால் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க உதவும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். போட்டுக்கொள்வேன், வரிசையில் முதல் ஆளாக. எனக்குப் பின்னால் நிற்பவர், ஊசி வேண்டாம் என்ற மருத்துவரின் சீட்டோடு வந்து, அதற்காகவே வேலையை இழந்தால், அவருக்காக எழுதவும் செய்வேன்.