படிவத்தில் ஏன் மறைத்தீர்கள்?

கேள்வி: வயது 54. ஆறு மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்தது. நடை, பேச்சு எல்லாம் திரும்பிவிட்டது. "சூப்பரா தேறிட்டீங்க" என்கிறார் டாக்டர். ஆனால் மதியத்துக்கு மேல் உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. பக்கவாதத்தில் பாதித்த கை இன்னும் மதமதக்கிறது. அடிக்கடி அழுகை வருகிறது. எதற்கு இருக்கிறோம் என்றுகூடத் தோன்றுகிறது. நெட்டில் பார்த்து நரம்புக்கு மூலிகை மாத்திரை சாப்பிடுகிறேன். மருத்துவமனையில் தந்த படிவத்தில் அசதி, மனநிலை பற்றிக் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டேன். சரிதானே?

பதில்: சரியில்லை. உண்மையைச் சொன்னால் 'எல்லாம் மனசுதான்' என்று ஒதுக்கிவிடுவார்கள் என்றுதானே பயம்? பக்கவாதத்துக்குப் பின் வரும் அசதி கற்பனையும் இல்லை, சோம்பலும் இல்லை. ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருகிறது. லேசாக வந்து போனவர்களையும் அது விடுவதில்லை.

உங்கள் டாக்டர் சொன்னதும் பொய்யில்லை. பக்கவாதம் வந்தவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று நாங்கள் பார்க்கும் ரேங்கின் அளவுகோல் 0 முதல் 6 வரை போகும்; எண் குறைவாக இருந்தால் நல்லது. நடக்கிறாரா, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறாரா என்பதுதான் அதற்கு முக்கியம். உங்களுக்கு அநேகமாக 1 போட்டிருப்பார்கள். நல்ல மார்க்தான்! ஆனால் மூன்று மணிக்கே நீங்கள் சுருண்டு படுப்பது அதில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தப் படிவம். 'அசதி அதிகம்' என்று குறித்திருந்தால் ரத்தசோகையா, தைராய்டா, தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா, பிரஷர் மாத்திரை கூடிவிட்டதா என்று தேடியிருப்பார்கள். எல்லோரும் 'இல்லை' என்றே எழுதினால் எங்கள் கணக்கில் குறையே கிடையாது. பிசியோதெரபி முடிந்த அன்றே சிகிச்சையும் முடிந்துவிடும்.

கை மதமதப்பு கூடாமல் அப்படியே இருந்தால் விட்டுத்தள்ளுங்கள். மூலிகை மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். அதை மட்டும்தான், டாக்டர் தந்ததை அல்ல. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையோடு சில மூலிகைகள் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஏற்படலாம். செத்த நரம்பை எழுப்பும் மாத்திரை இருந்தால் நாங்களே எழுதித் தர மாட்டோமா?

அப்புறம் அந்த அழுகை. டிவி பார்க்கும்போது பொங்கி, அடுத்த நிமிடமே தானாக நின்றுவிட்டால் அது மூளையின் கட்டுப்பாடு தளர்ந்ததால் வருவது, மருந்து உண்டு. ஆனால் 'எதற்கு இருக்கிறோம்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அது ஒன்றுதான். பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. அடுத்த செக்கப்வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் இன்றே சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் நாளைவரைகூட வேண்டாம், தனியாக இருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். படிவத்தை டாக்டரைப் பார்க்கும்போது புதிதாகக் கேட்டு வாங்கி எழுதிக்கொள்ளலாம்.