348 கிலோமீட்டருக்கு இருபதே நிமிடமா?

கேள்வி: ஜூன் விடுமுறையில் பாரிசுக்கும் லண்டனுக்கும் போகிறோம். பாரிஸ் சார்ல் த கோல் – லண்டன் ஹீத்ரோ டிக்கெட்டில் புறப்பாடு 10.00, வருகை 10.20 என்றிருக்கிறது. எதிர்த்திசையில் பார்த்தால் 2 மணி 20 நிமிடம் காட்டுகிறது. எது சரி? தூரம்தான் எவ்வளவு?
– வாசகர், ஈசூன்

பதில்: இரண்டுமே சரி. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட 1 மணி நேரம் முந்தி ஓடுகிறது. பயண நேரம் இருபக்கமும் 1 மணி 20 நிமிடம்தான். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போய்வருபவர்களுக்கு இது பழகிய சங்கதி: போகும்போது ஒன்றரை மணி நேரம்போல் தெரியும், வரும்போது ஆறரை. கோடையிலும் குளிரிலும் பாரிஸ்–லண்டன் வித்தியாசம் மாறாது. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் இரண்டு ஊரும் ஒரே சமயத்தில் கடிகாரத்தை மாற்றிக்கொள்கின்றன.

தூரம், பூமியின் வளைவையொட்டி அளந்தால், ஏறக்குறைய 348 கி.மீ. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூருக்குப் போவதைவிட ஐம்பது கி.மீ. கூடுதல், அவ்வளவே. இதை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்து ‘26 நிமிடம்’ என்பவர்கள் உண்டு. குறுந்தூரத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. டிக்கெட் நேரம், விமானம் நுழைவாயிலைவிட்டு நகர்வதில் தொடங்கி, மறுமுனையில் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதில் முடிகிறது. ஓடுபாதைவரை ஊர்ந்துபோகவே கால் மணி நேரம் ஆகலாம். காற்றை எதிர்த்துத்தான் மேலெழ வேண்டும். ஓடுபாதை வேறு திசை பார்த்திருந்தால் வளைந்து திரும்ப வேண்டும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ.தான் வேகம். ஏறி முடித்த சற்று நேரத்திலேயே இறக்கம் தொடங்கிவிடும். காப்பி குடித்து முடிப்பது சந்தேகம்.

ஹீத்ரோவில் இன்னொன்றும் உண்டு. நெரிசல் நேரத்தில் விமானங்களை ஆயிரம் அடி இடைவெளியில் அடுக்கடுக்காக வட்டமிட வைப்பார்கள். அதற்கு நான்கு இடங்கள்: பாவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிகின். பாரிசிலிருந்து வருபவை பெரும்பாலும் பிகினுக்கு மேலே சுற்றும். இந்தத் தாமதத்தையும் சேர்த்தே கால அட்டவணை போடுகிறார்கள். சுற்ற வைக்காத நாளில் விமானம் முன்னதாகவே இறங்கிவிட்டு, நுழைவாயில் காலியாவதற்காகக் காத்து நிற்கும்.

கேள்வி: பாரிசிலிருந்து ஹீத்ரோ வந்து, அதே நாள் அங்கிருந்து சிங்கப்பூர் விமானம், தனி டிக்கெட். நடுவில் 2 மணி நேரம் போதுமா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: போதாது. 4 மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். தனி டிக்கெட் என்றால் குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவது காத்திருக்காது. புது டிக்கெட் உங்கள் செலவு. பிரிட்டிஷ் ஏர்வேஸில் பாரிசிலிருந்து வந்தால் 5வது முனையம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் புறப்படுவது 2வதிலிருந்து. நடந்து போக முடியாது. இடையே இலவச ரயில் இருக்கிறது.

பிரிட்டனுக்குள் நுழைவதால் சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு முன்கூட்டியே இணையவழிப் பயண அனுமதி வேண்டும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்குப் பொதுவாக விசாவே வேண்டும்; பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா பிரிட்டனில் செல்லாது. இந்த அலைச்சலெல்லாம் வேண்டாமென்றால் பாரிஸ்–லண்டன்–சிங்கப்பூர் முழுவதையும் ஒரே முன்பதிவில் போடுங்கள். பெட்டி நேராகச் சாங்கிக்கு வந்துவிடும்.