கோல்ஃபுக்குக் கூப்பிட்டால் போ, தம்பி

விடுமுறைக்கு ராயபுரம் வந்து பத்து நாளாகிறது. நேற்று காசிமேட்டில் மீன் வாங்கப் போன இடத்தில் உன் அம்மாவைப் பார்த்தேன். "உனக்கு என்னமோ கேட்டு எழுதியிருக்கானாம், பதிலே வரலையாம்" என்றார்கள். மன்னித்துக்கொள். இன்று மொட்டை மாடியில் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது என்றும், அடுத்த மாதம் கூட வேலை செய்யும் நண்பனோடு அடிலெய்டு வரை காரில் போவதாகவும் எழுதியிருந்தாய். வழியில் செடுனா என்ற கடலோர ஊரில் நண்பனின் அப்பா அம்மா வீட்டில் இரண்டு இரவு தங்கல். அந்த அப்பா சனிக்கிழமை காலை "ஒரு ஹிட் போகலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அது கோல்ஃப் என்று உனக்குப் பிறகுதான் தெரிந்திருக்கிறது. மட்டையையே தொட்டதில்லை, செலவு தாங்குமா, மறுத்தால் தப்பா என்பது உன் கேள்வி.

போ. தயங்காமல் போ.

கோல்ஃப் என்றதும் உனக்குப் பயம் வருவது எனக்குப் புரிகிறது. நம் ஊரில் அது கிண்டி ரேஸ்கோர்ஸ் வளாகத்துக்குள்ளும் நந்தனத்திலும் கிளப் உறுப்பினர்கள் ஆடிவந்த ஆட்டம். தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் வளர்ந்த நமக்குப் பந்து என்றால் கால்பந்து, இல்லையென்றால் தெருமுனைக் கேரம். ஆஸ்திரேலியாவின் சின்ன ஊர்களில் நிலைமை வேறு. ஆயிரம் பேர் இருக்கிற ஊரிலும் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கும். ஊர்க்காரர்களே முறை வைத்துப் புல் வெட்டிப் பார்த்துக்கொள்வார்கள். பல இடங்களில் பணம் வாங்க ஆளே இருக்க மாட்டார். கவரில் காசைப் போட்டுப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு ஆட வேண்டியதுதான். அதனால் கையில் கொஞ்சம் நோட்டு வைத்துக்கொள். பெரிய நகரத்துக் கிளப்புகளோடு பார்த்தால் கட்டணம் மிகக் குறைவு.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2009-இல் நானும் உன் மாமாவும் இதே மாதிரி ஒரு நீண்ட கார்ப் பயணம் போனோம். என்னோடு வேலை செய்த பெண்ணின் அப்பா அம்மா கோதுமை விவசாயிகள். அவர்கள் வீட்டில் தங்கினோம். முதல் நாள் இரவே பெரியவர் கோல்ஃபுக்குக் கூப்பிட்டார். காலையில் வாசலில் மூன்று பை மட்டைகள் துடைத்துச் சாத்தி வைத்திருந்தன. நாங்கள் நம் ஊர் வழக்கப்படி, அவர்களுக்கு ஏன் சிரமம் என்று நினைத்து, "நீங்கள் போய் வாருங்கள், நாங்கள் வீட்டில் இருக்கிறோம்" என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று பைகளையும் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் வைத்துவிட்டார். அவரும் ஆடப் போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் பேச்சு ஓடவே இல்லை. பல மாதம் கழித்து அந்தப் பெண் பேச்சுவாக்கில் சொன்னாள்: எனக்கென்று பெண்கள் ஆடும் மட்டைகளைப் பக்கத்துப் பண்ணையில் கேட்டு வாங்கி வந்திருந்தாராம். அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நாம் 'வேண்டாம்' என்று மரியாதைக்குச் சொல்வோம், அவர்கள் இரண்டாவது தடவை வற்புறுத்துவார்கள் என்று எதிர்பார்ப்போம். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இரண்டாவது தடவை கேட்பதை அவர்கள் தொந்தரவாக நினைப்பவர்கள்.

மறுவருஷம் போனபோது நானே கேட்டேன். ஒன்பது குழி ஆடினோம். புல்லே இல்லாத மைதானம். குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைப் பரப்பியிருந்தார்கள். ஸ்கிரேப் என்பார்கள். பந்தை உருட்டுவதற்கு முன் அதை ஒரு பலகையால் இழுத்துச் சமப்படுத்த வேண்டும். நாலாவது குழியைத் தாண்டி நடக்கும்போது பெரியவர் வறட்சி வருஷங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஆடுகளை விற்றதையும், மகன் பண்ணை வேண்டாம் என்று சுரங்க வேலைக்குப் போனதையும் சொன்னார். முந்தின வருஷம் முழு நாள் வீட்டுக்குள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது இதில் ஒரு வார்த்தை வரவில்லை. அந்த ஊர் ஆண்கள் முகம் பார்த்து மனம் விட்டுப் பேசுவது குறைவு. பக்கத்தில் நடந்தால் பேசுவார்கள். பந்தைத் தேடுகிற சாக்கில் பேசுவார்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். ஒருவர் அடிக்கும்போது அசையாமல், பேசாமல், அவருக்கு முன்னால் போகாமல் நில். உன் பந்து யார் பக்கமாவது பறந்தால் "ஃபோர்" என்று உரக்கக் கத்து. அதற்குக் கூச்சப்படாதே, தலைக்கு வருகிற ஆபத்து அது. குழிக்கு அருகே மற்றவர் பந்து உருளப் போகும் பாதையை மிதிக்காதே. மண் பெயர்ந்தால் சரி செய், மணல் பள்ளத்தில் இறங்கினால் உன் கால் தடத்தை வாரி விட்டு ஏறு. காணாமல் போன பந்தைத் தேட விதிப்படி 3 நிமிடம்தான். 2019-க்கு முன் அது 5 நிமிடமாக இருந்தது. உயரமான புல்லுக்குள் மட்டும் கையை விடாதே, பாம்பு இருக்கும். ஒரு குழியில் எட்டு, ஒன்பது அடி ஆகிவிட்டால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நட. யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். புதியவர்கள் இருந்தால் 'ஆம்ப்ரோஸ்' ஆடலாமா என்று கேள். எல்லாரும் அடிப்பார்கள், நன்றாக விழுந்த பந்து இருக்கும் இடத்திலிருந்து மறுபடி எல்லாரும் அடிப்பார்கள். உனக்கு அதுதான் வசதி.

தூரம் அடிப்பது முதல் நாளில் வராது. குழிக்குப் பக்கத்தில் உருட்டும் அடி உனக்கு வரும் என்று நம்புகிறேன். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். தரைச் சரிவைக் கண்ணால் அளந்து, வேகத்தை விரலில் அடக்கி உருட்ட வேண்டும். கேரம் ஆடிப் பழகிய கைக்கு அந்த நிதானம் புதிதல்ல. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய காசிமா நம் புது வண்ணாரப்பேட்டைப் பெண் என்பதை அவர்களிடம் சொல்.

வழியிலேயே நீ கொஞ்சம் பழகிக்கொள்ளலாம். நீ போகிற பாதை மேலேயே ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது, தெரியுமா? நல்லர்பார் லிங்க்ஸ். கல்கூர்லியிலிருந்து செடுனா வரை 1365 கிலோமீட்டருக்குப் பரந்த 18 குழிகள். 2009-இல் திறந்தார்கள். ஊருக்கு ஒன்று, ரோட்டோர பெட்ரோல் பங்குக்கு ஒன்று என்று குழி இருக்கும். நேர்ச் சாலையில் தூக்கம் வராமல் ஓட்டுநர் இறங்கி நடக்கவும் அது உதவும். பல்லடோனியாவில் இருக்கும் குழிக்கு ஸ்கைலாப் என்று பெயர். 1979-இல் அந்த விண்வெளி நிலையம் உடைந்து அந்தப் பக்கம்தான் விழுந்தது. அப்போது எங்கே தலையில் விழுமோ என்று நம் தெருவில் எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை என் அம்மா இன்னும் சொல்வார். அங்கே இறங்கிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்புறம், பழக்கூடை வாங்கிக்கொண்டு போகாதே. செடுனாவில் சோதனைச் சாவடி உண்டு, பழம், காய்கறியை எடுத்துக்கொள்வார்கள். மாலை இருட்டும் நேரத்தில் கார் ஓட்டாதீர்கள், கங்காருக்கள் குறுக்கே பாயும். கடிகாரத்தையும் மாற்றிக்கொள், தெற்கு ஆஸ்திரேலியா பெர்த்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும், கோடையில் இரண்டரை. நண்பனின் அப்பா எட்டு மணி என்றால் எட்டு மணிதான். காலர் வைத்த சட்டை, மூடிய ஷூ, தொப்பி போதும். முகத்தில் ஈ மொய்க்கும், வலை ஒன்று வாங்கிக்கொள். ஆட்டம் முடிந்து கிளப்பில் உட்காரும்போது ஒரு சுற்று குடிக்க வாங்கித் தருவது உன் முறை, 'ஷவுட்' என்பார்கள். நீ லெமனேட் குடிக்கலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

பேச என்ன இருக்கிறது என்று கவலைப்படாதே. செடுனா மீனும் சிப்பியும் வாழவைக்கிற ஊர். உன் அப்பா விசைப்படகில் போனவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் காசிமேடு எப்படி இருக்கும், வலை பின்னுகிறவர்கள் எங்கே உட்காருவார்கள், தடை முடிந்து முதல் படகு திரும்புகிற விடியற்காலை எப்படி இருக்கும் என்று சொல். அவர் கேட்டுக்கொண்டே நடப்பார்.

ஒன்றே ஒன்று இப்போதே செய். சின்ன வயதில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நீ கேரம் ஆடியதைப் பார்த்திருக்கிறேன், நீ இடது கைக்காரன். இடது கை மட்டை தனி. அவர் உனக்காக யாரிடமாவது கேட்டு வாங்கி வைக்கப் போகிறார், அதனால் இன்று ராத்திரியே நண்பனிடம் சொல்லிவிடு.