மேரிலாந்துக் குளிரில் கார்டீனியாவைத் தரையில் நடலாமா?

மணக்கும் வெள்ளைப் பூச்செடியான கார்டீனியாவை அங்கே நடலாம், ரகம் சரியாக அமைந்தால். மேரிலாந்தின் பெரும்பகுதி அமெரிக்க வேளாண் துறை குளிரை வைத்துப் பிரித்த 7ஆம் மண்டலத்தில் வருகிறது. கடுங்குளிரில் மைனஸ் 12 முதல் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். கடையில் பூத்த நிலையில் தொட்டியோடு விற்கும் அடுக்குப்பூ ரகம் அதைத் தாங்காது. 'கிளைம்ஸ் ஹார்டி' என்ற ரகத்தைக் கேளுங்கள். ஒற்றைப் பூதான், நம்மூர் நந்தியாவட்டை மாதிரி, இடுப்புயரம்கூட வராது. ஆனால் மணம் அதேதான்.

வடமேற்குக் காற்றை மறைக்கும் சுவர் ஓரம் நல்லது. அதற்காகச் சிமென்ட் அடித்தளத்தை ஒட்டியே நட்டுவிடாதீர்கள். அதிலிருந்து கசியும் சுண்ணாம்பு, இந்தச் செடிக்கு வேண்டிய மண்ணின் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையை, குறைத்துவிடும். நரம்பு மட்டும் பச்சையாக நின்று இளம் இலை மஞ்சளாகிறதே, பெரும்பாலும் இதனால்தான்: மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை.

மே மாதம் நடுங்கள். வேரின்மேல் 3 அங்குலம் பைன் பட்டை போடுங்கள். ஆகஸ்டுக்குப் பிறகு உரம் வேண்டாம். பனியில் முதலில் கருகுவது இளந்தளிர்தான்.

குளிர் முடிந்ததும் செடி பழுப்பாகக் கிடந்தால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தளிர் வந்த பிறகு காய்ந்ததை வெட்டிக்கொள்ளலாம்.